டோல்கேட் முதல் எண்ணூர் வரை: வேலைநேரத்தின் வரலாறும் இரத்த அழுத்தமும்

சென்னையின் வடக்குக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், புதுவண்ணாரப்பேட்டைக்கும் காலாடிப்பேட்டைக்கும் இடையே டோல்கேட் என்று வழங்கும் பகுதி இருக்கிறது. அதன் தெற்கே துறைமுகமும் இராயபுரமும் காசிமேடும், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளும், மேற்கே மணலியின் எண்ணெய், உரத் தொழிற்சாலைகளும் அமைந்திருப்பதால், வடசென்னையின் உழைப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேலைக்குப் போகவும் வேலை முடிந்து திரும்பவும் கடக்கும் வழியாக அது இருந்துவருகிறது. இப்பகுதியின் வரலாற்றை எழுதியோர் ஆலைகளின் தோற்றத்தையும் வேலைநிறுத்தங்களையும் பதிவுசெய்துள்ளனர். சூழலியல் நோக்கில் எழுதியோர் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த சாம்பலையும் மணலியின் காற்றையும் பேசியுள்ளனர். எத்தனை மணிநேரம், இரவிலா பகலிலா, யாருடைய கட்டளைப்படி, எந்த வேகத்தில் ஒருவர் உழைக்கிறார் என்னும் வேலை ஒழுங்கு அவருடைய இரத்தக் குழாய்களை என்ன செய்தது என்ற கேள்வி மட்டும் ஏறத்தாழக் கேட்கப்படாமலே கிடக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. பருத்திப் பஞ்சின் தூசு இருமலாக வெளிப்படும். எந்திரப் பல்லில் சிக்கிய விரல் அன்றே துண்டாகும். ஈயநஞ்சு பல்லீறில் நீலக்கோடாகத் தடம் காட்டும். உயர் இரத்த அழுத்தமோ பத்து, பதினைந்து ஆண்டுகள் வலி எதுவும் காட்டாமல் உள்ளிருந்துவிட்டு, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ ஒருநாள் வெளிப்படும்போது, அந்த மனிதர் ஓய்வுபெற்று ஊருக்குப் போயிருப்பார், அல்லது ஒப்பந்தம் முடிந்து வேறிடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார். அவர் உழைத்த ஆலையின் பதிவேட்டில் அந்நோய்க்கு இடம் இராது.

இரத்த அழுத்தம் என்பது தமனிச் சுவரின்மீது இரத்தம் செலுத்தும் விசை. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது அது உச்சத்தை அடையும். இதுவே மேல் அளவு. இதயம் தளர்ந்து நிரம்பும்போது தாழும். இது கீழ் அளவு. இரண்டும் பாதரசத் தூணின் உயரமாக மில்லிமீட்டரில் சொல்லப்படுகின்றன. 140க்கு 90 என்ற அளவோ அதற்கு மேலோ தொடர்ந்து காணப்பட்டால் அது உயர் இரத்த அழுத்தம் எனப்படும். இவ்விசையை முதலில் அளந்து 1733இல் நூலாக வெளியிட்ட இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, அதில் இரத்தம் ஏறும் உயரத்தைக் கணக்கிட்டார். மனிதரைக் காயப்படுத்தாமல் அளக்க மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி மேற்கையில் காற்றுப்பட்டையைச் சுற்றிப் பாதரசத் தூணால் அளக்கும் கருவியை அமைத்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் எழும் ஓசைகளைக் கேட்டு இரு அளவுகளையும் குறிக்கும் முறையைக் கண்டார். இக்கருவியை விரைந்து கைக்கொண்டவர்களுள் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் முன்னணியில் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. காப்பீட்டுத் தொகை கட்ட வசதியுள்ளவரின் அழுத்தம் அளக்கப்பட்டது. அளவு மிகுந்தோர் விரைவில் இறந்ததும் அந்நிறுவனங்களின் கணக்கில்தான் முதலில் தெளிவாகத் தெரிந்தது. அன்றைய சென்னையில் மூட்டை சுமந்தவருக்கோ தறி ஓட்டியவருக்கோ அப்படிப்பட்ட கணக்கு எதிலும் இடமில்லை.

ஆலைகள் வருவதற்கு முன் இக்கடற்கரையில் நடந்த உழைப்பு இலேசானது என்று எண்ணிவிடக் கூடாது. டோல்கேட்டை அடுத்த காலாடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்கென்று அமைக்கப்பட்ட குடியிருப்பு. அந்நெசவாளர் முன்பணம் பெற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்து கொடுத்தனர். கடன் அவர்களை விடவில்லை. ஆயினும் தறி வீட்டில் இருந்தது. எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பது பெரிதும் நெய்பவர் கையில் இருந்தது. கடலில் மசூலாப் படகோட்டிகளின் வேலை இதைவிடக் கடுமையானது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் பலகை தைத்த இப்படகுகளே அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. உயிராபத்து நிறைந்த அந்த வேலையும் அலையையும் காற்றையும் பார்த்து நடந்தது. புயல் பருவத்தில் ஓய்ந்தது. கடனும் கடலும் கொடிய எசமானர்கள்தாம், ஆனால் அவற்றின் கையில் கடிகாரம் இல்லை.

கடிகாரம் துறைமுகத்தோடும் பஞ்சாலையோடும் வந்தது. 1875இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானத்தை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது; மீண்டும் கட்டப்பட்டு, 1904 முதல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் அது நவீன வடிவம் பெற்றது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளும் செலவு என்பதால், சரக்கை இறக்கும் வேகத்தைக் கப்பல் முகவர் தீர்மானித்தார். ஆளைப் பிடித்து வருவதும் கழிப்பதும் மேஸ்திரியின் கையில் இருந்தன. இன்று வேலை உண்டா இல்லையா என்பது காலையில் வாயிலில் நின்றால்தான் தெரியும் என்னும் இந்த அன்றாடக் கூலிமுறை உலகின் துறைமுகங்கள் பலவற்றிலும் இருந்தது. பெரம்பூர், புளியந்தோப்புப் பகுதியில் பின்னி நிறுவனத்தார் நடத்திய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நிலைமை வேறு. அங்கே வேலை நிலையானது. ஆனால் சங்கு ஊதியபின் வாயில் அடைபடும். உள்ளே எந்திரத்தின் வேகமே ஆளின் வேகம். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலையில் வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்குப் 12 மணிநேரம் என்று வரம்பு கட்டியதையே அன்று முன்னேற்றமாகக் கருதினார்கள் என்றால், அதற்கு முந்தைய நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

1918 ஏப்ரல் 27 அன்று தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு தமிழ் வாசகர் அறிந்ததே. பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்னின்ற அச்சங்கத்தின் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று, அரைமணி நேரமே இருந்த நண்பகல் இடைவேளையை நீட்ட வேண்டும் என்பது. கூலி உயர்வுக் கோரிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறியதாகத் தோன்றும். உடலியல் நோக்கில் பார்த்தால் அப்படி இல்லை. அரைமணிக்குள் வாயிலைக் கடந்து வெளியே வந்து, சோற்றை விழுங்கிவிட்டு, தாமதமானால் தண்டம் என்ற அச்சத்தோடு திரும்பி ஓடுபவரின் உடலில் அந்த இடைவேளை ஓய்வாகப் பதிவதில்லை. சங்கத்தார் இரத்த அழுத்தம் என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்; உயர்ந்த அழுத்தத்தைக் குறைக்க அப்போது உலகில் எங்குமே சரியான மருந்து இல்லை. அந்நிலையில் வேலைநேரத்தைக் குறைக்கக் கோரிய போராட்டமே, வடசென்னையில் அந்நோய்க்கு எதிராக நடந்த முதல் தடுப்பு நடவடிக்கை என்று கொள்வதில் மிகை அதிகம் இல்லை.

பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள்மேல் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது, 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும், 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நடத்திய மே தினம் ஆகியவை பிற நூல்களில் விரிவாக உள்ளன. இங்கு வேண்டுவது நேரக் கணக்கு மட்டும். 1922இல் நாளுக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி என்று வரம்பு குறைந்தது. 1934இல் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9, வாரத்துக்கு 48 என்று நிறுத்தியது. அதே 1948இல் வந்த கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டத்தின் வழியே, வாயிலில் நின்று ஆள் பொறுக்கும் முறைக்குப் பதிலாகப் பெயர்ப்பதிவும் முறைப்பட்டியலும் வேலையில்லா நாளுக்கும் ஒரு குறைந்த ஊதியமும் வந்தன. மூட்டையின் எடை குறையவில்லை. நாளை உண்டா என்ற கேள்வியின் எடை குறைந்தது.

அந்தக் கேள்விக்கும் தமனிக்கும் உள்ள தொடர்பு மருத்துவத்துக்குப் புலப்பட்ட வழி தனியானது. அச்சமோ சினமோ எழும்போது உடல் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் விளக்கினார்: சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினைச் சுரக்க, இதயம் வேகமாகத் துடிக்க, தோலிலும் குடலிலும் உள்ள குழாய்கள் சுருங்க, அழுத்தம் ஏறுகிறது. புலியைக் கண்டு ஓடியவருக்கு ஓட்டம் முடிந்ததும் அது இறங்கிவிடும். 1936இல் ஹான்ஸ் செல்யே, பலவகைத் தீங்குகளுக்கும் உடல் ஒரே பாங்கில் எதிர்வினை காட்டுவதையும், அது நீடித்தால் உறுப்புகள் நலிவதையும் எலிகளில் காட்டினார். நாள்தோறும் பல மணிநேரம் இந்த ஆயத்தநிலை தொடர்ந்தால், கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பும் மிகுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாகத் தேக்குகிறது. ஓயாத விசையைத் தாங்கும் பொருட்டுச் சிறு தமனிகளின் சுவர் தடிக்கிறது. சுவர் தடித்துவிட்டால், சினமும் அச்சமும் நீங்கிய பிறகும் அழுத்தம் பழைய அளவுக்கு இறங்குவதில்லை.

மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு. சர்ப்பகந்தி வேர் அழுத்தத்தைக் குறைப்பதைக் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 1931இல் எழுதினர். பம்பாயின் ரஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னர் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருந்த அழுத்தத்தால் மூளையில் இரத்தம் கசிந்து இறந்தபோது, அவருடைய மருத்துவர்களிடம் பயன்தரும் மருந்து இருக்கவில்லை.

பணியிடத்தையும் அழுத்தத்தையும் நேரடியாக இணைத்த ஆய்வுகள் 1970களில் வலுப்பெற்றன. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியரிடையே உயர் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதை 1973இல் காப், ரோஸ் இருவரும் அமெரிக்காவில் காட்டினர். 1979இல் ராபர்ட் கராசெக் முன்வைத்த கருத்து இத்துறையின் போக்கையே திருப்பியது: வேலை கடுமையாக இருப்பதனால் மட்டும் தீங்கு வருவதில்லை, கடுமையான வேலையை எப்படி, எந்த வரிசையில், என்ன வேகத்தில் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை செய்பவருக்கு இல்லாதபோதுதான் தீங்கு மிகுகிறது. மிகுந்த பணிச்சுமையும் குறைந்த தீர்மான உரிமையும் சேர்ந்த நிலையை அவர் பணியிறுக்கம் என்ற பொருள்படக் குறித்தார். 1990இல் ஷ்னால், பிக்கரிங் முதலியோர் நியூயார்க் பணியிடங்களில் செய்த ஆய்வு, இந்த இறுக்கத்தில் வேலை செய்த ஆண்களுக்கு உயர் இரத்த அழுத்தம் மிகுந்திருந்ததோடு இதயத்தின் இடது கீழறைத் தசையும் தடித்திருந்ததைக் காட்டியது. செர்மனியில் பணியாற்றிய சீக்ரிஸ்ட் 1996இல் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்: கொடுக்கும் உழைப்புக்கு ஈடாக ஊதியமும் மதிப்பும் வேலை உறுதியும் கிடைக்காத சமனின்மையே நோயாகிறது என்றார். மேலதிகாரிக்குத்தான் பிரஷர் என்ற பொது நம்பிக்கையை இலண்டன் அரசு ஊழியரிடையே நடந்த வொயிட்ஹால் ஆய்வுகள் தகர்த்தன. அலுவலகத்தில் மேல்நிலை அதிகாரிக்கும் கடைநிலை ஊழியருக்கும் அழுத்தம் ஒத்திருக்க, வீடு திரும்பியதும் அதிகாரிக்கு அது நன்றாக இறங்கியது, ஊழியருக்கு அவ்வளவு இறங்கவில்லை என்பது அவ்வாய்வு வரிசையின் நினைவிற்கொள்ளத்தக்க முடிவு.

இந்த அளவுகோலை ஏந்திக்கொண்டு டோல்கேட்டுக்கு வடக்கே நடந்தால், விடுதலைக்குப் பிந்தைய தொழில்வளர்ச்சி வேறு தோற்றம் கொள்கிறது. தீப்பெட்டி செய்த விம்கோ ஏற்கெனவே திருவொற்றியூரில் இருந்தது. இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரில் அது வாழ்கிறது. 1946இல் அங்கே பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் ஆலையாயிற்று. எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் 1950களின் நடுவில் கார்போரண்டமும் என்ஃபீல்டும் வந்தன. பயிற்சிபெற்ற கைக்கு மதிப்பும், வலுவான சங்கமும், நிரந்தர வேலையும் இருந்த இவ்வாலைகளில் உழைப்பு கடினமாக இருந்தாலும் அதற்கு ஈடு இருந்தது. தொழிலாளர் அரசுக் காப்பீடு 1950களின் நடுவில் சென்னைக்கு வந்து, ஆலைத் தொழிலாளிக்கு முதன்முறையாக மருந்தகமும் நோய்க்கால ஊதியமும் தந்தது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னை மக்கள் வழங்கிய ஸ்டான்லி மருத்துவமனை, 1938 முதல் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்து, இப்பகுதியின் பக்கவாதக்காரர்களும் நெஞ்சுவலிக்காரர்களும் கடைசியில் சென்று சேரும் இடமாயிற்று.

1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், அடுத்த ஆண்டு உர ஆலை. பஞ்சாலையை இரவில் நிறுத்தலாம். கொதிகலனையும் சுத்திகரிப்புக் கோபுரத்தையும் நிறுத்த முடியாது. எனவே நைட் ஷிப்ட் இப்பகுதியின் குடும்ப வாழ்க்கையிலேயே ஊன்றியது. மனிதரின் இரத்த அழுத்தம் உறக்கத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இறங்குவது இயல்பு; குழாய்களுக்கும் இதயத்துக்கும் அதுவே அன்றாட ஓய்வு. இரவில் விழித்து வேலை செய்பவருக்கு அந்த இறக்கம் மட்டுப்படுகிறது. பகலில் தகரக் கூரையின் கீழ், தண்ணீர் லாரியின் இரைச்சலுக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் நடுவே உறங்கும் உறக்கம் அதை முழுதாக ஈடுகட்டுவதில்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும்போது உடலின் நாள்முறை ஒன்றில் நிலைகொள்ளுமுன் அடுத்ததற்கு இழுக்கப்படுகிறது. மருந்து உண்பவருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் ஒன்று என்று எழுதித் தரப்படும் பிரஷர் மாத்திரையை, காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து படுப்பவர் எப்போது விழுங்குவது என்று மருந்துச்சீட்டில் இருப்பதில்லை. பலர் ஷிப்ட் மாறும் வாரத்தில் இரண்டொரு நாள் விட்டுவிடுகின்றனர்.

இயந்திரங்களின் இரைச்சலும் வார்ப்பாலை, கொதிகலன் பக்கத்து வெப்பமும் தத்தம் வழியில் அழுத்தத்தை ஏற்றவோ உடலின் நீர், உப்புச் சமநிலையைக் குலைக்கவோ செய்பவை. பரம்பரை, உணவு உப்பு, உடற்பருமன், புகை, மது ஆகியவற்றின் பங்கு பெரிது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பணியிறுக்கத்தின் தனிப்பங்கு ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது, பொதுவாக அது மிதமானதே. ஆனால் மதுவையும் புகையையும் வேலையிலிருந்து பிரித்து, அவை ஆளின் கெட்ட பழக்கம் என்று தனியே நிறுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. நைட் ஷிப்டின் நான்காவது தேநீரும் அதனோடு வரும் பீடியும், இரட்டை ஷிப்ட் முடித்த உடல்வலிக்கு டாஸ்மாக் தரும் மருந்தும் வேலை ஒழுங்கின் பகுதிகள்தாம்.

டோல்கேட் பேருந்து நிலையத்தில் வந்து திரும்பும் மாநகரப் பேருந்துகளின் ஓட்டுநர்கள், உலகில் அதிகம் ஆராயப்பட்ட ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள். இலண்டன் போக்குவரத்து ஊழியரை ஆராய்ந்த ஜெரி மாரிஸ், படியேறி இறங்கும் நடத்துநரைவிட உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநருக்கு மாரடைப்பு மிகுதி என்று 1953இல் காட்டினார். 1980களில் சான்பிரான்சிஸ்கோ ஓட்டுநர்களிடம் நடந்த ஆய்வுகள் உயர் இரத்த அழுத்தம் அவர்களிடையே மிகுந்திருப்பதைக் கண்டு, காரணத்தை நேர அட்டவணையில் தேடின. குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டிய கடமை ஓட்டுநருடையது, சாலை அவருடையதன்று. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ கட்டுமானம் நடந்த ஆண்டுகளில், அப்பாதை 2021 பிப்ரவரியில் திறக்கப்படும் வரை, இந்த முரண்பாட்டுக்கு நெரிசல் மிகுந்த ஓர் எடுத்துக்காட்டு நாள்தோறும் கண்ணெதிரே இருந்தது.

எனினும் கராசெக்கின் கருத்துக்கு இப்பகுதி தரும் முழுமையான சான்று டிரெய்லர் ஓட்டுநர்தான். 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் இயங்கத் தொடங்கியது. 2001இல் அதை இயக்கும் பொறுப்பு தனியாருக்குச் சென்றது. நூறு தோள்கள் இறக்கிய சரக்கை ஒரு பாரந்தூக்கி சில நிமிடங்களில் இறக்கியபோது, பட்டியலில் பெயர் இருந்த கப்பல்துறைத் தொழிலாளர் கூட்டம் விருப்ப ஓய்வுகளில் கரைந்தது. சுமையும் காத்திருப்பும் சுவருக்கு வெளியே, எண்ணூர் விரைவுச் சாலைக்கு இடம்பெயர்ந்தன. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும் வரிசையில், சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேலாக, ஓட்டுநர் தம் இருக்கையிலேயே கிடப்பார். வரிசை ஒரு வண்டி நீளம் நகரும், மீண்டும் நிற்கும், எப்போது நகரும் என்று சொல்ல ஆள் இல்லை, கண் அயர்ந்தால் பின்னாலிருந்து ஹாரன் வரும் அல்லது பக்கத்து வண்டி முன்னே நுழைந்துவிடும். கழிப்பிடம் தொலைவில் இருப்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். சாலையோரத் தள்ளுவண்டியில் கிடைப்பதை உண்பார். கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருப்பதால், காத்துக்கிடக்கும் மணிநேரத்துக்குப் பெரும்பாலும் காசு இல்லை. சரக்கு தாமதமானால் தொலைபேசியில் வரும் வசவு மட்டும் அவருக்கு உரியது. உடலால் அவர் எதையும் தூக்குவதில்லை. பழைய மூட்டைக்காரர் வாயிலில் நின்று அறிந்த நிச்சயமின்மை, மூட்டை இல்லாமலே அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், ஐந்து மணிநேரத்துக்குப் பின் அரைமணி ஓய்வு என்றும் விதித்தது. ஆனால் ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டுபவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களை வரிசைப்படுத்தியது. ஈயநஞ்சும் சிலிக்கா தூசுநோயும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் அதில் இருந்தன, உயர் இரத்த அழுத்தம் இருக்கவில்லை. எனவே ஓட்டுநரோ தொழிலாளியோ வேலையில் மாரடைப்பால் இறக்கும்போது, 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ், வேலையின் காரணமாக நேர்ந்த மரணம் அது என்பதைக் குடும்பத்தார் ஒவ்வொரு முறையும் புதிதாக மெய்ப்பிக்கவேண்டியிருந்தது. லாரியோடு சென்ற ஒருவரின் மரணம் குறித்த முந்தைய ஒரு வழக்கில், வேலைப்பளுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நெடுந்தூரம் ஓட்டிவந்து வழியில் வண்டியை ஓரங்கட்டி மயங்கி விழுந்து இறந்த லாரி ஓட்டுநரின் வழக்கில், 2012 டிசம்பரில், அந்த ஓட்டத்தின் களைப்பே மரணத்தை விரைவுபடுத்தியது என்று ஏற்று இழப்பீடு வழங்கியது. இரண்டும் சேர்ந்து ஒரு கதவைத் திறந்தன என்றாலும், அதைத் தள்ளிக்கொண்டு நுழையும் வலிமை கூலிக்காரக் குடும்பங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. மருத்துவ விதிப்படி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு கை அழுத்தம் அளக்கப்பட வேண்டும். மருத்துவரைக் கண்ட பதற்றத்தில் அளவு ஏறுவதை எல்லாரும் அறிவர். அதன் மறுபக்கமாக, மருந்தகத்து நாற்காலியில் சரியாக இருந்து வேலையில் மட்டும் ஏறும் அழுத்தமும் உண்டு. பிக்கரிங் 2002இல் இதை மறைந்த உயர் இரத்த அழுத்தம் என்றார். இருபத்துநான்கு மணிநேரமும் கையில் கட்டியிருந்து இடைவெளிவிட்டு அளக்கும் கருவியால்தான் அது பிடிபடும். ஆலை வாயிலிலோ சாலையோரத்திலோ நடக்கும் முகாம்களில் அக்கருவி இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டையொட்டி நடந்த மாநில அளவிலான ஆய்வு, வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களுள் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. பின்னர் பணியிடங்களுக்கும் பரிசோதனை விரிவுபட்டது. இவை பெரும் பேறு. ஆனால் மாத்திரை கொண்டுவருபவர் கதவைத் தட்டும் முற்பகலில் டிரெய்லர் ஓட்டுநர் வரிசையில் இருக்கிறார்.

வேலைநேரக் கேள்வி ஓய்ந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணிநேரமோ அதற்கு மேலோ உழைப்பதால் 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 7,45,000 பேர் இறந்தனர். 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், அத்தகையோருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு கூடுதல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணிநேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, நாள்கள்தாம் குறையும் என்பது அரசுத் தரப்பு விளக்கம். சங்கங்கள் எதிர்த்ததால் சில நாளில் நிறுத்திவைக்கப்பட்ட அத்திருத்தம், சிங்காரவேலரின் மே தினத்துக்கு நூறாவது ஆண்டு நிறைந்த 2023 மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. விவாதத்தில் முதலீடும் குடும்ப நேரமும் பெண்களின் பாதுகாப்பும் பேசப்பட்டன. பன்னிரண்டாவது மணிநேரத்தில் ஒருவரின் தமனியில் என்ன நடக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனையை வேலை கொடுப்பவரின் கடமையாக்கியுள்ளன. எண்ணூரின் பெரிய ஆலைகளில் நிரந்தர ஊழியருக்கு இது புதிதன்று. ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கிடைத்தால் அது உண்மையான மாற்றம். எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்பவரைப் பொறுத்தவரை, வண்டி உரிமையாளரா, சரக்கை ஒப்புக்கொண்ட முகவரா, முனையத்தை இயக்கும் நிறுவனமா, இவர்களுள் யார் அவருக்கு வேலை கொடுப்பவர் என்பது முதலில் முடிவாக வேண்டும்.